பழைய கால்பந்து கார்டு வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

பழைய இங்கிலாந்து கால்பந்து கார்டுகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எதை வாங்கிப் போட்டால் விலை ஏறும் என்றுதான். எனக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. நான் செய்வது இவ்வளவுதான்: ஒரு ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டு, அவர் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை எந்த கிளப்பில் ஆடினார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன், கார்டு தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எதற்கு இந்த வேலை என்றால், பழைய கார்டுகள் பலவற்றில் வருடமே இருக்காது. 1920களிலும் 30களிலும் இவை சிகரெட் பெட்டிக்குள் வந்தவை. பெட்டி நசுங்காமல் இருக்க வைத்த அட்டையிலேயே முன்னால் படமும் பின்னால் ஆட்டக்காரரைப் பற்றிய குறிப்பும் அச்சடித்து, ஒரு தொகுப்புக்கு பெரும்பாலும் 50 என்று போட்டு, முழுசாகச் சேர்க்க வேண்டும் என்ற ஆசையைக் கிளப்பி சிகரெட்டை விற்றார்கள். ஜான் பிளேயர், வில்ஸ், ஆக்டன்ஸ், கல்லாஹர், சர்ச்மன் என்று பல கம்பெனிகள் போட்டன. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் 1940ஓடு எல்லாம் நின்றுபோனது. அப்புறம் 1950களின் கடைசியில் ஏ அண்ட் பிசி கம்பெனியின் பபிள்கம் கார்டுகள் வந்தன, 70களின் நடுவில் அந்த இடத்துக்கு அமெரிக்காவின் டாப்ஸ் கம்பெனி வந்தது. இத்தாலியின் பானினி ஸ்டிக்கர்கள் தனி உலகம், அதை இங்கே தொடப்போவதில்லை.

சரி, தாளுக்கு வருவோம். டாமி லாட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 16 வயதில் பர்ன்லி அணிக்கு ஆடினார். 17 வயதில் எவர்ட்டன் அவரை 6,500 பவுண்டுக்கு வாங்கியது. 1938-39இல் எவர்ட்டன் லீக் சாம்பியன், அவர் அடித்தது 34 கோல், வயது அப்போது 19. அந்த வயதில் போர் வந்து ஆறு சீசனை விழுங்கிவிட்டது. 1945இல் செல்சி. 1947இல் அன்றைய பிரிட்டிஷ் சாதனைத் தொகையான 20,000 பவுண்டுக்கு நாட்ஸ் கவுண்டி, அதுவும் மூன்றாம் டிவிஷனில் கிடந்த அணி! இங்கிலாந்தின் சென்டர் ஃபார்வர்ட், அதாவது முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிப்பவர், மூன்றாம் டிவிஷனுக்குப் போனால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு பிரென்ட்ஃபோர்ட், கடைசியில் ஆர்செனல். இங்கிலாந்துக்காக 23 ஆட்டத்தில் 22 கோல்.

இது கையில் இருந்தால், எவர்ட்டன் பெயர் போட்ட லாட்டன் சிகரெட் கார்டு ஒன்று வரும்போது அது 1937க்கும் போர் தொடங்கியதற்கும் இடைப்பட்டது என்று உடனே சொல்லிவிடலாம். பின்பக்கத்தில் இங்கிலாந்துக்கு ஆடியதாக ஒரு வரி இருந்தால் இன்னும் நெருங்கலாம், ஏனென்றால் அவர் இங்கிலாந்துக்கு முதலில் ஆடியது 1938இல்தான். கார்டு எழுதியவருக்கு போர் வரப்போவது தெரியாது. இந்தப் பையனுக்கு முன்னால் நீண்ட காலம் இருக்கிறது என்கிற தொனியில் அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது நமக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

லாட்டனோடு டிக்ஸி டீனையும் சேர்த்துத் தேடுவது என் பழக்கம். 1927-28 சீசனில் 60 லீக் கோல் அடித்தவர். அந்தச் சாதனையை இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் இன்றுவரை யாரும் தொடவில்லை. அவருடைய இடத்துக்குத்தான் எவர்ட்டன் லாட்டனைக் கொண்டுவந்தது. டீன் 1938இல் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? அதே நாட்ஸ் கவுண்டி. 1980இல் எவர்ட்டன் மைதானத்தில் லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்கப் போன இடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தச் சின்ன அட்டையை வெறும் படமாகப் பார்க்க முடியாது.

பின்பக்கத்தைப் படிக்கும்போது அக்காலப் பெயர்கள் குழப்பும். அவுட்சைடு ரைட் என்றால் இன்றைய வலது விங்கர். இன்சைடு லெஃப்ட் என்பவர் சென்டர் ஃபார்வர்டுக்குப் பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ ஆடுபவர். ரைட் ஹாஃப், லெஃப்ட் ஹாஃப் என்பவர்கள் நடுக்களம். சென்டர் ஹாஃப் என்றால் ஆர்செனல் கொண்டுவந்த முறை பரவிய பிறகு தடுப்பாளர், அதற்கு முன்னால் நடுக்களத்தை நடத்தியவர். 1920களின் கார்டில் அந்தப் பெயரைப் பார்த்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்க மையும் சில நேரம் பேசும்: கல்லாஹரின் தொகுப்பில் பச்சை மை என்றால் 1925, பழுப்பு மை என்றால் 1926.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது ஸ்டான்லி மேத்யூஸ். 1932இல் ஸ்டோக் சிட்டிக்காக ஆடத் தொடங்கி, 1947இல் பிளாக்பூல் போய், 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதியை 4-3 என்று வென்று, 1956இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான முதல் பாலோன் டி'ஓர் விருதை வாங்கி, மறுபடி ஸ்டோக்குக்கே வந்து, 50 வயது முடிந்து ஐந்தாம் நாள் கடைசி லீக் ஆட்டம் ஆடியவர். சிகரெட் கார்டிலும் அவர் இருக்கிறார், பபிள்கம் கார்டிலும் இருக்கிறார். ஒரே மனிதரை வைத்து இரண்டு காலத்து அட்டையையும் அச்சையும் கையில் பிடித்துப் பழகிவிடலாம்.

அடுத்தது அசலா நகலா என்ற தலைவலி. சிகரெட் கார்டுகளுக்கு முறையாகவே மறுபதிப்புகள் வந்திருக்கின்றன, அதில் தப்பில்லை. அதைப் பழையது என்று விற்பதுதான் பிரச்சினை. என்னிடம் இருப்பது பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸும் சின்ன யுவி டார்ச்சும்தான். அறையை இருட்டாக்கி டார்ச்சைக் காட்டினால், போருக்கு முந்தைய அட்டை மங்கலாக, அழுக்கு மஞ்சளாகவே கிடக்கும். பிற்காலக் காகிதத்தில் வெண்மைக்காகச் சேர்த்த ரசாயனம் நீலமாகப் பளீரென்று எரியும். நான் ஒருமுறை நல்ல விலை கொடுத்து வாங்கிய டீன் கார்டு, ட்யூப்லைட் மாதிரி எரிந்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆனால் எரியவில்லை என்பதாலேயே அசல் என்று முடிவு கட்டாதீர்கள், பழைய காகிதம் கிடைத்தவர் அதிலும் அச்சடிக்கலாம். லென்ஸில் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் எழுத்தின் மை ஒரே கறுப்பாக, ஓரம் தெளிவாக இருக்கும். படம் பிடித்து அடித்த நகலில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடையும். அப்புறம் ஸ்கேல். வழக்கமான சிகரெட் கார்டு கிட்டத்தட்ட 68க்கு 36 மில்லிமீட்டர், அதே தொகுப்பின் இன்னொரு கார்டை மேலே வைத்துப் பார்த்தால், மழுங்கிய மூலையை மறைக்க யாராவது ஓரத்தை வெட்டியிருந்தால் தெரிந்துவிடும்.

பபிள்கம் கார்டுகளில் பார்க்க வேண்டியது வேறு. ஏ அண்ட் பிசியின் சில தொகுப்புகளில் பின்பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கும், காசு வைத்துத் தேய்த்தால் விடை தெரியும். எந்தப் பையன் தேய்க்காமல் இருந்திருப்பான்? தேய்க்காத கார்டு அரிது, அதற்குத் தனி மதிப்பு.

ஆல்பத்தில் ஒட்டியபடி வரும் கார்டை மட்டும் பிய்க்காதீர்கள். 1930களில் பின்னால் பசை தடவிய கார்டுகளும் வந்தன, நனைத்து ஆல்பத்தில் ஒட்ட வேண்டியதுதான். ஆர்வக்கோளாறில் நான் அப்படி ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தேன். முகம் முழுசாக வந்தது, பின்பக்கத்தில் இருந்த வரலாற்றில் பாதி ஆல்பத்திலேயே தங்கிவிட்டது. இப்போது அது என் மேசையில் ஒரு கோல்கீப்பரின் தலை, அவ்வளவுதான். ஆல்பத்தோடு வந்தால் ஆல்பத்தோடு வையுங்கள்.

தனிக் கார்டுகளுக்கு பிவிசி இல்லாத பிளாஸ்டிக் பக்கங்கள் போதும். ரப்பர் பேண்ட், செலோ டேப், லேமினேஷன் மூன்றும் கிட்டவே வரக்கூடாது. வெயில் படும் சுவரில் மாட்டவும் வேண்டாம்.

பக்கத்தில் அடுக்கும்போது எல்லோரும் கார்டு எண் வரிசையில் அடுக்குவார்கள். நான் மனிதர்களைப் பார்த்து அடுக்குகிறேன். மான்செஸ்டர் சிட்டியின் கோல்கீப்பர் ஃபிராங்க் ஸ்விஃப்ட், 1934 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் போர்ட்ஸ்மத்தை 2-1 என்று வென்ற நிமிடம், விசில் ஊதியதும் மைதானத்திலேயே மயங்கி விழுந்தவர், வயது 20. அன்று அவருக்கு முன்னால் ரைட் ஹாஃபாக ஆடியவர் மேட் பஸ்பி. பின்னாளில் பஸ்பி மான்செஸ்டர் யுனைடெட்டின் மேனேஜர் ஆனார், ஸ்விஃப்ட் ஓய்வு பெற்றுப் பத்திரிகைக்கு எழுதப் போனார். 1958 பிப்ரவரி 6, மியூனிக்கில் ஓடுபாதையைத் தாண்டிப் போய் நொறுங்கிய விமானத்தில் இருவரும் இருந்தார்கள். ஸ்விஃப்ட் இறந்தார், பஸ்பி பிழைத்தார். அந்த இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துப் பைகளில் வைத்திருக்கிறேன், பின்பக்கம் தெரியும்படி.