டெல்லியில முதல் தடவை ஏசி மாட்டப் போறீங்களா? மொத்தச் செலவை முன்னாடியே கணக்கு போடுறது எப்படி

கடையில 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, 3 ஸ்டார், 36 ஆயிரம்னு எழுதியிருப்பாங்க, நாமளும் அந்த 36-ஐ மட்டும் மனசுல வச்சுக்கிட்டு வாங்கிருவோம், ஆனா மாட்டி முடிச்சு காத்து வர்ற நேரத்துல 40, சில வீட்டுல 46 வரைக்கும் போய் நிக்கும். அந்த மிச்சப் பணம் எங்க போகுதுன்னு தெரிஞ்சா பாதிய மிச்சம் பிடிக்கலாம். முனிர்க்கா, ஆர்.கே.புரம், மயூர் விஹார் பக்கம் புதுசா வந்து குடியேறுற நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்குறாங்க, அதான் வரிசையா எழுதுறேன். கீழ சொல்ற ரேட்டெல்லாம் சுமாரானது, சீசனுக்கும் ஏரியாவுக்கும் ஏத்த மாதிரி கூடக்குறைய இருக்கும்.

படி 1: அவுட்டோர் யூனிட் எங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

எல்லாரும் பிராண்டுல ஆரம்பிப்பாங்க. நான் சொல்றது, ஏசிய பாக்குறதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்து, இண்டோர் (ரூமுக்குள்ள மாட்டுற பெட்டி) வைக்கப் போற சுவத்துலருந்து அவுட்டோர் (கம்ப்ரெஸர் இருக்கிற வெளிப்பெட்டி) வைக்கப் போற இடம் வரைக்கும் பைப் வளைஞ்சு போற வழியிலயே அளந்து பாருங்க. பெட்டியோட வர்ற காப்பர் பைப் பெரும்பாலும் 3 மீட்டர்தான், சில மாடல்ல அதுவும் வராது. அதுக்கு மேல போற ஒவ்வொரு மீட்டருக்கும் இன்சுலேஷனோட சேத்து 800லருந்து 1,000 ரூபாய் வரைக்கும் கேப்பாங்க. பால்கனி அதே சுவத்துக்குப் பின்னாடி இருந்தா எக்ஸ்ட்ரா பைப்பே வேண்டாம். அதே ஏசிக்கு அவுட்டோரை மொட்டை மாடியில வச்சீங்கன்னா பைப் 8, 9 மீட்டர் ஆயிரும், பைப்புக்கு மட்டுமே அஞ்சாறு ஆயிரம், கூடவே வயர், நிறைய மாடல்ல அவ்வளவு நீளத்துக்கு கேஸும் கொஞ்சம் சேத்துப் போடணும்.

முனிர்க்கா சந்துகள்ல இன்னொரு பிரச்சனை, எதிர் வீட்டு ஜன்னல் கை நீட்டுற தூரத்துல இருக்கும். அவுட்டோர் ஊதுற சூடு எதிர் சுவத்துல பட்டு அதுக்கே திரும்பி வந்தா கம்ப்ரெஸர் ஓய்வே இல்லாம ஓடும், கரண்டும் போகும், பக்கத்து வீட்டு ஆன்ட்டி கூட தினம் சண்டையும் வரும். அப்படிப்பட்ட இடத்துல பைப் செலவானாலும் மாடிதான் சரி.

படி 2: டன், ஸ்டார்

டன்னுங்கிறது ஏசி குளிர வைக்கிற திறன், ஸ்டார்ங்கிறது கரண்ட் மிச்சம் பிடிக்கிற அளவு. 100, 120 சதுர அடி ரூமுக்கு 1 டன் போதும், அதுக்கு மேல 180 வரைக்கும் 1.5. ஆனா நீங்க மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற கடைசி தளத்துலயோ, பர்சாத்தியிலயோ, அதாவது மொட்டை மாடி மேல கட்டின ரூமுலயோ இருந்தா சின்ன ரூமா இருந்தாலும் 1.5 எடுங்க, மே மாசம் கூரை ராத்திரி 12 மணிக்கும் சூட்ட இறக்கிக்கிட்டே இருக்கும்.

3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் விலையில எட்டு, பத்தாயிரம் வித்தியாசம் வரும். ஏசி மேல ஒட்டியிருக்கிற லேபிள்ல வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு இருக்கும், அது 1,600 மணி நேரம் ஓடுனா ஆகுற கணக்கு. லேபிள் எந்த வருஷத்துதுன்னும் பாருங்க, ஏன்னா அளவுகோலை அப்பப்ப கடுமையாக்குவாங்க, பழைய 5 ஸ்டார் புது கணக்குல கீழ இறங்கிரும். ராத்திரி மட்டும் போடுறவங்களுக்கு 3 ஸ்டார் போதும்ங்கிறது என் கருத்து, பகல்லயும் வீட்டுல குழந்தையோ வயசானவங்களோ இருந்தா 5 ஸ்டாருக்குப் போங்க. 2025 செப்டம்பர் 22லருந்து ஏசிக்கு ஜி.எஸ்.டி. 28லருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு, அதனால பழைய விலையோட ஒப்பிட்டு பேசுற கடைக்காரர்கிட்ட பில்லுல வரி எவ்வளவுன்னு கேளுங்க.

படி 3: வயரும் மீட்டரும்

பழைய வீட்டுல ஏசி பாயிண்ட் இல்லைன்னா மெயின் போர்டுலருந்து தனி லைன் இழுக்கணும். 1.5 டன்னுக்கு 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர், தனியா 20 ஆம்ப் எம்.சி.பி. (லோடு கூடினா தானா அணையுற சுவிட்ச்), எர்த் கட்டாயம். ஃபிரிட்ஜ் லைன்ல சேத்துக் குடுக்குறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, வயர் சூடாகி உருகுறது அங்கதான் ஆரம்பிக்கும். வயரை சாந்தினி சௌக் பாகீரத் பேலஸ் எலக்ட்ரிக் மார்க்கெட்ல வாங்கினா தெருமுனைக் கடையவிட குறைவு. தூரத்தப் பொறுத்து ரெண்டாயிரத்துலருந்து நாலாயிரம் வரைக்கும் ஒதுக்குங்க.

அடுத்தது பில்லு. டெல்லியில மாசம் 200 யூனிட் வரைக்கும் மானியத்துல ஜீரோ பில், 201லருந்து 400 வரைக்கும் பாதி, அதிகபட்சம் 800 ரூபாய் குறையும், 400ஐத் தாண்டினா அந்த மானியம் மொத்தமா போயிரும். அதனால 399 யூனிட்டுக்கும் 401 யூனிட்டுக்கும் நடுவுல எழுநூறு, எண்ணூறு ரூபாய் வித்தியாசம் இருக்கு! ஏசி வந்ததும் பத்து நாளைக்கு ஒருதடவை மீட்டரைப் பாத்து எழுதி வைங்க, 24 டிகிரியில ஃபேனோட சேத்து ஓட்டுங்க. வாடகை வீட்டுல சப்-மீட்டர்னா வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8, 10 ரூபாய்னு ஒரே ரேட் போடுவார், மானியம் உங்க கைக்கு வராது, ஏசி வாங்குறதுக்கு முன்னாடியே அதப் பேசிருங்க. பில்லுல சாங்ஷன்ட் லோடு, அதாவது உங்க இணைப்புக்கு அனுமதிச்ச மின்சார அளவு, எத்தனை கிலோவாட்னும் பாருங்க, லோடு ஏறுனா மாசாமாசம் கட்டுற ஃபிக்ஸட் சார்ஜும் ஏறும்.

படி 4: மிஸ்திரி (ஏசி மாட்டுற ஆள்) கிட்ட வாட்ஸாப்புல ரேட் வாங்குங்க

வாயால பேசாதீங்க, எழுத்துல வாங்குங்க. மாட்டுற கூலி 1,500 பக்கம், அவுட்டோர் ஸ்டாண்டு 700லருந்து 1,000, சுவத்துல ஓட்டை ஒண்ணுக்கு 300லருந்து 500, தண்ணி வெளிய போற டிரெயின் பைப் தனி, எக்ஸ்ட்ரா காப்பர் மீட்டருக்கு எவ்வளவு. "இலவச இன்ஸ்டலேஷன்"னு விளம்பரத்துல இருந்தாலும் அது வெறும் கூலிதான், ஸ்டாண்டும் ஓட்டையும் பைப்பும் அதுல சேராது. உங்க ஏரியாவுல வோல்டேஜ் ஆடுச்சுன்னா ஸ்டெபிலைசருக்கு ரெண்டு, மூணாயிரம் தனியா வைங்க. எல்லாத்தையும் கூட்டினா பால்கனி வீட்டுக்கு மூவாயிரம், மூவாயிரத்து ஐநூறு, மாடிக்கு ஏத்துனா பத்தாயிரம் வரைக்கும், இதுல வயரும் ஸ்டெபிலைசரும் சேக்கல.

முடிஞ்சா பிப்ரவரி, மார்ச்லயே மாட்டிருங்க. மே மாசம் லூங்கிற அனல் காத்து அடிக்க ஆரம்பிச்சதும் ஒரு மிஸ்திரிக்கு ஒரு நாள்ல ஏழெட்டு வீடு இருக்கும், அவசரத்துல அடுத்து நான் சொல்லப் போற வேலைய விட்டுட்டுப் போயிருவாங்க.

படி 5: மாட்டுற அன்னைக்கு பக்கத்துலயே நில்லுங்க

இதுதான் ரொம்ப முக்கியம். ஆள் வந்ததும் கேக்க வேண்டிய ஒரே கேள்வி, "பையா, வேக்யூம் பம்ப் லாயே ஹோ?" (வேக்யூம் பம்ப் கொண்டு வந்திருக்கீங்களா?) பைப்புக்குள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் பம்ப் வச்சு உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸ் வால்வைத் திறக்கணும், குறைஞ்சது 15, 20 நிமிஷம் ஓடணும், கேஜ் முள்ளு பூஜ்யத்துக்குக் கீழ இறங்கி, பம்பை நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் அசையாம நிக்கணும். சில பேர் பம்ப் இல்லாம கேஸை லேசா திறந்துவிட்டு புஸ்ஸுன்னு காத்தைத் தள்ளிருவாங்க, ரெண்டு நிமிஷத்துல வேலை முடியும், ஆனா ஈரம் உள்ளயே தங்கி கம்ப்ரெஸரைக் கெடுக்கும். இப்ப வர்ற ஏசியில பெரும்பாலும் ஆர்-32 கேஸ், அது தீப்பிடிக்கக் கூடியது, ரூமுக்குள்ள அப்படி விடவே கூடாது.

அப்புறம் பைப் நுனியப் பாருங்க. ஃப்ளேரிங் டூல் வச்சு வாயை விரிச்சதுல விரிசலோ பிசிறோ இருந்தா வெட்டிட்டு மறுபடி பண்ணச் சொல்லுங்க. எக்ஸ்ட்ரா பைப் அறுத்த இடத்துல உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது காப்பர் பூச்சு போட்ட அலுமினியம், திருப்பிக் குடுத்துருங்க. வால்வைத் திறந்த பிறகு நட்டு மேல சோப்பு நுரை தடவச் சொல்லுங்க, ஒரு குமிழி வந்தாலும் லீக்தான், இதை விட்டா அடுத்த வருஷம் கேஸ் ஃபில்லிங்னு 2,500, 3,000 ரூபாய் எழுதி வச்சுக்க வேண்டியதுதான். இண்டோர் டிரேயில ஒரு மக் தண்ணி ஊத்தி டிரெயின் வழியா வெளிய போகுதான்னும் பாருங்க. கடைசியா 15 நிமிஷம் ஓட்டி, ஏசி உறிஞ்சுற காத்துக்கும் வெளிய விடுற காத்துக்கும் 10 டிகிரி பக்கமாவது வித்தியாசம் வருதான்னு தெர்மாமீட்டர் வச்சு பாத்துட்டு அப்புறம் பணம் குடுங்க.

படி 6: வாடகை வீட்டுக்காரங்க இதையும் கூட்டிக்கங்க

ஸ்பிளிட்டை கழட்டி வேற வீட்டுல மாட்ட திரும்ப மூவாயிரம், நாலாயிரம் ஆகும், கழட்டும்போது கேஸை அவுட்டோருக்குள்ள பம்ப் டவுன் பண்ணிட்டுத்தான் பைப்பைப் பிரிக்கணும், இல்லைன்னா கேஸ் செலவும் தனி. வருஷத்துக்கு ஒருதடவை வீடு மாத்துறவங்க, சுவத்துல ஜன்னல் இடம் இருந்தா விண்டோ ஏசியே எடுங்க, சத்தம் கொஞ்சம் இருக்கும், ஆனா பைப் இல்லை, வேக்யூம் இல்லை, மாட்டுற செலவு ஐநூறு, எண்ணூறோட முடிஞ்சிரும். எதை எடுத்தாலும் சுவத்துல ஓட்டை போட வீட்டுக்காரர்கிட்ட மெசேஜ்லயே சம்மதம் வாங்கி வைங்க, காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பிடிச்சா காட்டுறதுக்கு.