ரோமில் தனி வழிகாட்டியுடன் நடைச் சுற்றுலா: 3 மணி நேரம் எங்கே கரைகிறது?

ரோமில் தனி வழிகாட்டி அமர்த்தும்போது நாம் காசு கொடுப்பது அவருடைய நேரத்துக்கு. பெரும்பாலும் அது 3 மணி நேரம். அதில் 40 நிமிடம் பாதுகாப்புச் சோதனை வரிசையிலும், அரை மணி மெட்ரோவிலும், கால் மணி கழிப்பறை தேடுவதிலும் போய்விட்டால், மிச்சமிருக்கும் பாதி நேரத்துக்குத்தான் முழுக் கூலி கொடுத்திருக்கிறோம். பயணிகள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்தக் கணக்கில்தான் வந்து விழும். சுற்றுலா தொடங்கிய பிறகு இவற்றைத் திருத்த முடியாது. முன்பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொலோசியமும் வத்திக்கானும் ஒரே காலையில்

அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். "ஒரு நாள்தான் இருக்கிறது, எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள்" என்று கேட்பார்கள். கொலோசியத்திலிருந்து வத்திக்கானுக்குச் சுமார் 4 கி.மீ. நடந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மெட்ரோவில் போனால் தெர்மினி நிலையத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். இரண்டு இடத்திலும் விமான நிலையத்தில் இருப்பது போன்ற சோதனை வேறு. இரண்டையும் ஒரு காலைக்குள் திணித்தால் எதையும் நின்று பார்க்க முடியாது. வழிகாட்டியும் கதை சொல்வதை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஊரை மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கொலோசியம், ரோமானிய ஃபோரம் (பழைய நகர மையத்தின் இடிபாடுகள்), பலத்தீன் குன்று மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, டிக்கெட்டும் ஒன்றுதான். இதற்கு 3 மணி நேரம் வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகம், சிஸ்டின் சிற்றாலயம், புனித பேதுரு பேராலயம் சேர்த்து மூன்றரை மணி. மூன்றாவது, ஸ்பானியப் படிகளில் தொடங்கி, திரெவி நீரூற்று, பாந்தியன் (பழைய ரோமானியக் கோயில்) வழியாக நவோனா சதுக்கத்தில் முடிகிற பழைய நகர நடை. மொத்தத் தூரம் 2 கி.மீ.தான் இருக்கும், ஆனால் நின்று கேட்டுப் பார்க்க இரண்டரை மணி ஆகும். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காலையில் ஒரு துண்டு, சாப்பிட்டு ஓய்வெடுத்த பின் மாலையில் நகர நடை. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

டிக்கெட்டில் இருக்கும் பெயர்

வழிகாட்டியின் கட்டணத்தில் நுழைவு டிக்கெட் சேர்ந்தே இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் தனி. வழிகாட்டிக்குக் குழுவுக்கு மொத்தமாக ஒரு தொகை, டிக்கெட்டுக்குத் தலைக்கு ஒரு தொகை. "டிக்கெட்டை யார் எடுக்கிறார்கள், எந்த வகை, எத்தனை மணிக்கு?" என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வகை முக்கியம். கொலோசியத்தின் சாதாரண டிக்கெட்டில் நிலவறைக்குள் இறங்க முடியாது. வீரர்களும் விலங்குகளும் மேலேறக் காத்திருந்த அந்தச் சுரங்க வழிகளைப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று தனி டிக்கெட் உண்டு. விற்பனைக்கு வந்த வேகத்தில் தீர்ந்தும் போகும்.

நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது பெயர். கொலோசியம் டிக்கெட்டில் 2023 அக்டோபர் முதல் ஒவ்வொருவர் பெயரும் அச்சாகிறது. வாசலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தமிழ்ப் பெயர்களில் இங்கேதான் குழப்பம். ஊரில் இனிஷியலோடு எழுதிப் பழகியிருப்போம். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். டிக்கெட் எடுப்பவருக்கு வாட்ஸப்பில் கூப்பிடும் பெயரை அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அதே வரிசையில் எழுதி அனுப்புங்கள். சுற்றுலா நாளன்று பாஸ்போர்ட்டை ஹோட்டல் லாக்கரில் வைத்துவிட்டு வராதீர்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் கொலோசியத்தில் கட்டணம் இல்லை. ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் எடுத்தாக வேண்டும், வயதுக்குச் சான்றும் வேண்டும். "குழந்தைக்கு இலவசம்தானே" என்று எடுக்காமல் வந்து வாசலில் நிற்கும் குடும்பங்கள் உண்டு.

"வரிசையில் நிற்க வேண்டாம்" என்று விளம்பரத்தில் இருந்தால், அது டிக்கெட் வாங்கும் வரிசையைத்தான் குறிக்கிறது. பாதுகாப்புச் சோதனை எல்லோருக்கும் பொது. கூட்டமான மாதங்களில் அதற்கே அரை மணி போகலாம். பெரிய முதுகுப் பையோடும் கண்ணாடிப் பாட்டிலோடும் கொலோசியத்துக்குள் விட மாட்டார்கள், பையை வைத்துவிட்டுப் போக அங்கே இடமும் கிடையாது. ஹோட்டலைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு நேரே சுற்றுலாவுக்கு வருவது, அந்த நாளையே கெடுத்துக்கொள்ளும் வழி.

கிழமை பார்க்காமல் தேதி குறிப்பது

வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள், அன்று அனுமதி இலவசம். அதனாலேயே அன்று போகக் கூடாது. கூட்டம் அவ்வளவு இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் உள்ளிட்ட அரசு இடங்களில் இலவசம், அங்கும் இதே நிலைதான். புதன்கிழமை காலையில் திருத்தந்தையின் (போப்) பொதுச் சந்திப்பு புனித பேதுரு சதுக்கத்தில் நடந்தால், பேராலயத்துக்குள் நண்பகல் வரை போக முடியாது. புதன்கிழமைதான் வாய்த்தது என்றால் வரிசையை மாற்றி, அருங்காட்சியகத்தை முதலிலும் பேராலயத்தைக் கடைசியிலும் வைக்கச் சொல்லுங்கள்.

பழைய நகரத்தின் சிறிய தேவாலயங்கள் பல, மதியம் பன்னிரண்டரை வாக்கில் மூடி மூன்றரை நான்குக்குத்தான் மறுபடி திறக்கும். நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேய் பிரான்செசி என்ற தேவாலயம் இருக்கிறது. மத்தேயுவின் வாழ்க்கையைக் காரவாஜியோ தீட்டிய மூன்று ஓவியங்கள் அங்கே ஒரே சிற்றறையில், காசில்லாமல் பார்க்கக் கிடைக்கின்றன. மதிய இடைவேளையில் அங்கே போய்ச் சேர்ந்தால் மூடிய கதவைத்தான் பார்ப்பீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியச் சுற்றுலாவே வேண்டாம். வெயில் நமக்குப் புதிதில்லைதான், ஆனால் ஃபோரத்தில் ஒதுங்க நிழலே இல்லை. கல்லிலிருந்து எழும் சூடு முகத்தில் அடிக்கும். காலை எட்டரைக்குத் தொடங்குவது நல்லது.

யாரை அமர்த்துகிறோம்

இத்தாலியில் வழிகாட்டி வேலைக்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் வந்த சட்டம் இதை நாடு முழுவதற்குமான ஒரே தேர்வாக, ஒரே பதிவேடாக மாற்றியது. உரிமம் உள்ளவரிடம் அடையாள அட்டை இருக்கும், கேட்டால் காட்டுவார். குழுவைக் கூட்டிக்கொண்டு போகிறவர் என்றொரு தொழில் தனியாக உண்டு. அவர் பயண ஏற்பாடுகளைப் பார்த்துக்கொள்வார், நினைவுச் சின்னங்களுக்குள் நின்று விளக்கம் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. கொலோசியம் மெட்ரோ வாசலில் "உடனே உள்ளே போகலாம்" என்று அழைப்பவர்களிடம் ஏமாந்தால், உள்ளே போனதும் வேறொருவரின் 30 பேர் கொண்ட கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். தனிச் சுற்றுலா என்ற பேச்சு அதோடு போயிற்று.

சந்திக்கும் இடத்தையும் மொட்டையாக ஒப்புக்கொள்ளாதீர்கள். கொலோசியத்தைச் சுற்றி வந்தால் அரை கி.மீ.க்கு மேல். "கொலோசியம் பக்கத்தில்" என்றால் எந்தப் பக்கம்? கான்ஸ்டன்டைன் வளைவின் எந்த முகம் என்பதுவரை கேட்டுக்கொள்ளுங்கள். வத்திக்கானில் குழப்பம் இன்னும் பெரிது. அருங்காட்சியகத்தின் வாசல் மதிலுக்கு வடக்கே இருக்கிறது, பேராலயத்தின் வாசல் சதுக்கத்தில் இருக்கிறது. தவறான வாசலில் நின்றால் மதிலைச் சுற்றி கால் மணி நேரம் ஓட வேண்டிவரும்.

வழிகாட்டியிடம் வாய் திறக்காமல் இருப்பது

தனியாக ஒருவரை அமர்த்திவிட்டு, அவர் எல்லோருக்கும் சொல்வதையே கேட்டுவிட்டு வருவது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. ஒரு வாரத்துக்கு முன்பே நான்கு வரி எழுதி அனுப்புங்கள்: யார் யார் வருகிறோம், யாருக்கு முழங்கால் வலி, எது ஏற்கெனவே பார்த்தாயிற்று, எதில் ஆர்வம். பெற்றோர் கூட வந்தால் பலத்தீன் ஏற்றத்தை விட்டுவிட்டு ஃபோரத்தின் சமதளப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பேராலயக் குவிமாடத்துக்கு 551 படிகள். லிஃப்டில் போனாலும் 320 படி மிச்சமிருக்கும், அதுவும் மேலே போகப் போகச் சாய்ந்த குறுகல் வழி. இதை அங்கே போய் நின்றுகொண்டு முடிவு செய்யக் கூடாது.

ஆர்வத்தைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஃபோரத்தில் மாக்சென்டியஸ் பேரவைக் கட்டடத்துக்கு அடியில் பேரரசர் தொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்குகள் இருந்தன. சேர நாட்டு முசிறியில் யவனர் பொன் கொடுத்து வாங்கிப்போனதாகச் சங்கப் பாடல் சொல்லும் மிளகு, கடல் கடந்து வந்து சேர்ந்த இடம் இந்தக் கிடங்குகள். வழக்கமான சுற்றில் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். "இந்திய வணிகம் பற்றிச் சொல்லுங்கள்" என்று முன்கூட்டியே எழுதியிருந்தால், நல்ல வழிகாட்டி அதற்கென்று தயாராகி வருவார்.

சிஸ்டின் சிற்றாலயத்துக்குள் வழிகாட்டி பேசக் கூடாது, நாமும் படம் எடுக்கக் கூடாது. அதனால் விளக்கம் முழுவதும் முன்பே, வெளி முற்றத்தில் வைத்திருக்கும் படப் பலகைகளின் முன் நடக்கும். "உள்ளே போய்க் கேட்டுக்கொள்ளலாம்" என்று அங்கே செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், மிக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை அண்ணாந்து தீட்டிய விதானத்தின் கீழ் எதை எங்கே தேடுவதென்று தெரியாமல் நிற்க வேண்டியதுதான்.

வழிகாட்டி பேச்சை நிறுத்தும் நேரமும் வேண்டும். பாந்தியனில் அதைக் கேட்டு வாங்குங்கள். 2023 ஜூலை முதல் அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு, ஆகவே டிக்கெட் முன்பே கையில் இருக்கட்டும். உள்ளே 43.3 மீட்டர் அகலக் குவிமாடம், தரையிலிருந்து உச்சிக்கும் அதே 43.3 மீட்டர். உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத்தில் வட்டத் திறப்பு, மூடி கிடையாது. அதன் வழியே விழும் வெயில் வட்டம் சுவரில் மெல்ல நகர்கிறது. ஒரு விளிம்பைக் குறித்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றால் நகர்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். மழை பெய்தால் உள்ளேயும் விழும். தரையை நடுவில் சற்றே மேடாக வைத்து, தண்ணீர் இறங்கச் சிறு துளைகளும் போட்டிருக்கிறார்கள். குனிந்து தேடுங்கள், பலர் அவற்றின் மேலேயே நடந்து போய்விடுகிறார்கள்.

செருப்பு, உடை, தண்ணீர்

ரோமின் தெருக்களில் பதித்திருக்கும் சிறு கருங்கற்களைச் சம்பியெத்ரீனி என்பார்கள். தேய்ந்து வழவழப்பாகி, இடையிடையே பள்ளம் விழுந்து கிடக்கும். மழையில் வழுக்கும். மெல்லிய அடி கொண்ட செருப்பில் இரண்டு மணி நேரத்தில் பாதம் எரியத் தொடங்கிவிடும். தடித்த அடியுள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூதான் வேண்டும். பயணத்துக்கென்று புதிதாக வாங்கியதை அன்று போடாதீர்கள்.

பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதாருக்குத் தடையில்லை. ஸ்லீவ்லெஸ் ரவிக்கை என்றால் முந்தானையைத் தோளில் போர்த்திக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டையோடு வந்த ஆண்களையும் திருப்பி அனுப்புவார்கள்.

தண்ணீர்ப் பாட்டில் வாங்கிக் குவிக்க வேண்டாம். தெருவெங்கும் 'நசோனி' என்ற இரும்புக் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நகரில் சுமார் 2,500 உண்டு. குடிக்கத் தக்க, குளிர்ந்த தண்ணீர். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலே இருக்கும் சிறு துளை வழியாகத் தண்ணீர் வில்லாகப் பீறிடும். குனியாமலே குடிக்கலாம். ஒரு பிளாஸ்டிக் அல்லது ஸ்டீல் பாட்டில் போதும். கழிப்பறைக்கு, கவுன்டரில் நின்று ஒரு காபி குடித்துவிட்டு அந்தக் கடையிலேயே போவதுதான் ஊர் வழக்கம். மேசையில் உட்கார்ந்தால் அதே காபிக்கு விலை கூடும். கால் வலிக்கிறதே என்று ஸ்பானியப் படிகளில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். 2019 முதல் தடை, அபராதம் 250 யூரோவிலிருந்து 400 யூரோ வரை போகலாம்.

எங்கே முடிப்பது

தொடங்கும் இடத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், முடியும் இடத்தை யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக் கடைகள் திறக்கும் நேரத்தில், உங்களுக்குத் தெரியாத தெருவில் பிரியாவிடை சொல்லிவிட்டு வழிகாட்டி போய்விட்டால், பசியோடு சதுக்கத்தோரக் கடையில் போய் மாட்டிக்கொள்வீர்கள். அவர் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்கு அருகில் முடிக்கச் சொல்லுங்கள். சைவம் என்றால் அதையும் அப்போதே சொல்லி, இத்தாலிய மொழியில் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'சுப்ளி' என்ற சோற்று உருண்டை பார்க்கச் சைவம் போலத் தோன்றும், அரிசியோடு இறைச்சிக் குழம்பைச் சேர்த்துப் பிசைவது அங்கே வழக்கம். பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் போட்ட 'காச்சோ எ பெப்பே' பாஸ்தாவில் இறைச்சி இல்லை, ஆனால் அதில் போடும் பெக்கொரினோ ரொமானோவைக் கட்டியாக்குவது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள். கண்டிப்பான சைவர்கள் தக்காளி-துளசி போட்ட பாஸ்தாவைக் கேட்டு, மேலே பாலாடைக்கட்டி தூவ வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.