வார்டில் கைச்சுத்தம்: புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கான செய்முறை விளக்கம்

கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது மருத்துவமனையில் பணிபுரியும் அனைவருக்கும் தெரியும். எந்தக் கணத்தில் என்பதில்தான் தவறு நேர்கிறது. பயிற்சி வகுப்பில் எல்லா நிலைகளையும் பிழையின்றிச் செய்து காட்டியவரே, கட்டில் கம்பியைப் பிடித்த கையால் அப்படியே வென்ஃப்ளானின் (மருந்து செலுத்த நரம்பில் பொருத்தி வைக்கும் சிறு குழாய்) மூடியைத் திறப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே, வென்ஃப்ளான் வழியாக ஊசிமருந்து செலுத்தும் ஒரே வேலையை எடுத்துக்கொண்டு முறையை விளக்குகிறேன்.

முதல் படி, பணிக்கு வந்தவுடன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுவது. கோயிலில் கட்டிய கயிறும் இதில் அடங்கும். ஈரத்தையும் அழுக்கையும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி, நோயாளியைத் தொடுமுன் ஹேண்ட் ரப் (கைகளில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) தேய்ப்பது. உள்ளங்கைக் குழி நிறைய எடுத்து, உள்ளங்கைகள், புறங்கைகள், விரலிடுக்குகள், விரல்களின் பின்புறம் என்று 20 முதல் 30 விநாடிகள் வரை தேய்த்துத் தானாக உலர விடவும். கட்டைவிரலும் விரல்நுனிகளும் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் இடங்கள். கட்டைவிரலை மறு கையால் பற்றிச் சுழற்றியும், நுனிகளை உள்ளங்கையில் குவித்துச் சுழற்றியும் தேய்க்க வேண்டும். கையில் இரத்தமோ அழுக்கோ தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான் தேவை. அதற்கு 40 முதல் 60 விநாடிகள் ஆகும். க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் வயிற்றுப்போக்கு உள்ள நோயாளியிடமும் சோப்பே பயன்படும், ஏனெனில் அக்கிருமியின் வித்துகளை ஆல்கஹால் அழிப்பதில்லை.

மூன்றாவது படியே முக்கியமானது. நர்ஸ் மேசையிலேயே கையுறை அணிந்து, ட்ரேயைத் தூக்கி, திரையை இழுத்து, விளக்கைப் போட்டு, முகக்கவசத்தையும் சரிசெய்துவிட்டு வென்ஃப்ளானைத் தொட்டால், வழியில் தொட்ட அத்தனையும் அந்தக் கையுறையில் வந்து சேர்ந்திருக்கும். கையுறை நம்மைக் காக்கிறது என்ற நினைப்பில் நோயாளியை மறந்துவிடுகிறோம். எல்லாவற்றையும் கட்டிலருகே ஒழுங்கு செய்தபின், கடைசியாக மீண்டும் ஹேண்ட் ரப் தேய்த்து, அதன் பிறகே கையுறை அணியுங்கள். வென்ஃப்ளானில் மருந்து செலுத்தும் வாயை ஆல்கஹால் பஞ்சால் அழுத்தித் துடைத்து, உலர்ந்தபின் மருந்தைச் செலுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே செலுத்திவிடும் அவசரம் வேண்டாம்.

1847இல் வியன்னாவின் மகப்பேறு வார்டில் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டதும் இத்தகைய இடைவெளியைத்தான்: பிணக்கூராய்வு முடித்து வந்த மருத்துவர்கள் அதே கைகளால் தாய்மார்களைப் பரிசோதித்தார்கள். குளோரினேற்றிய சுண்ணாம்புக் கரைசலில் கைகளைக் கழுவச் செய்ததும் பிரசவக் காய்ச்சல் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

நான்காவது படி: ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாமல், துளைபடாத வெள்ளைப் பெட்டியில் நேராகப் போடுங்கள். கையுறையை உட்புறம் வெளியே வருமாறு கழற்றிச் சிவப்புப் பையில் இட்டுவிட்டு, உடனே கைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

நோயாளியைத் தொடாமல் ட்ரிப்ஸ் வேகத்தை மட்டும் சரிசெய்துவிட்டு நகரும்போதும் இதைச் செய்ய வேண்டும். நோயாளியின் சுற்றுப்புறத்தைத் தொட்டபின் என்பது கைச்சுத்தத்துக்கென உலக சுகாதார அமைப்பு வகுத்த ஐந்து தருணங்களில் ஒன்று. அடுத்த கட்டிலுக்குப் போகும் அவசரத்தில் எளிதில் விடுபட்டுப்போவதும் அதுவே.