டோவர் வாசலில் லாரி வரிசை: பிரெக்சிட்டுக்குத் திட்டமிட்டபோது தவிர்த்திருக்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தை நெரிசலான நாளில் 10,000 லாரிகள் வரை கடக்கும். பிரான்சின் கலேயிலிருந்து ஃபெர்ரியில் வந்து இறங்குபவையும், அங்கே போக ஏறுபவையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை, போலந்தில் கிளம்பிய லாரி ஒரு சுங்கப் படிவமும் காட்டாமல் மான்செஸ்டர் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

பிரெக்சிட்டுக்குப் பிறகு, அதாவது பிரிட்டன் அந்த ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, எல்லைச் சோதனைக்கு லாரிக்கு 2 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 லாரிக்கு 20,000 நிமிடம், அதாவது 333 மணி நேரம். அந்த 2 நிமிட வேலைக்காக மட்டுமே 14 சோதனைச் சாவடிகள் இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும். டோவரில் பின்னால் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, முன்னால் கடல். சாவடி கட்ட இடம் எங்கே? 2 நிமிடத் தாமதம் 17 மைல் நீள வரிசையாக மாறும் என்று துறைமுக நிர்வாகமே எச்சரித்திருந்தது.

வெளியேறுவதா, இருப்பதா என்ற வாக்கெடுப்பு 2016 ஜூன் 23இல் நடந்தது. புதிய எல்லை நடைமுறை உண்மையில் தொடங்கியது 2021 ஜனவரி 1இல். இடையில் நான்கரை ஆண்டு இருந்தது. அதில் எங்கெங்கே சறுக்கினார்கள் என்று பார்ப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். எந்த நாடு எந்த வணிகக் கூட்டமைப்பை விட்டு வெளியேறினாலும் அதன் அதிகாரிகள் வழுக்கப்போவது பெரும்பாலும் இதே இடங்களில்தான்.

வரிசையை நிறுத்த இடம் தேடுவதையே திட்டம் என்று நினைப்பது

டோவர் இருக்கும் கென்ட் மாவட்டத்துக்கு லாரி வரிசை புதிதல்ல. கலேயில் வேலைநிறுத்தமோ கடலில் புயலோ வந்தால், எம்20 நெடுஞ்சாலையை மூடி லாரிகளை அதன் மேலேயே நிறுத்திவைப்பார்கள். ‘ஆபரேஷன் ஸ்டாக்’ என்று அதற்குப் பெயர். 2015இல் மட்டும் 32 நாள் அப்படி நடந்தது. உள்ளூர்க்காரர்கள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக முடியாமல் தவித்தார்கள். அதன்பின் 25 கோடி பவுண்டு செலவில் 3,600 லாரிகள் நிற்கும் பெரிய நிறுத்துமிடம் கட்டப்போவதாக அரசு அறிவித்தது. சுற்றுச்சூழல் ஆய்வைச் சரியாகச் செய்யவில்லை என்று வழக்கு வந்தது. 2017 நவம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. வெளியேறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு ஆண்டு வீணாகிவிட்டது.

மாற்றாக வந்தது ‘ஆபரேஷன் பிராக்’. நெடுஞ்சாலையின் ஒரு பக்கத்தை லாரிகளுக்கு ஒதுக்கி, மறுபக்கத்திலேயே இரு திசைப் போக்குவரத்தையும் ஓட்டுவது. அதற்கும் மேல் நிரம்பினால், மான்ஸ்டன் என்ற மூடிக்கிடந்த விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான லாரிகளை நிறுத்துவது. 2019 ஜனவரி 7இல் இதற்கு ஓர் ஒத்திகை நடந்தது. வந்த லாரிகள் 89. அவையும் காலியாக, பணம் கொடுத்து வரவழைக்கப்பட்டவை. மான்ஸ்டனிலிருந்து டோவருக்கு அவை சிக்கலின்றிப் போய்ச் சேர்ந்தன. ஆயிரங்களில் வரப்போகும் நெரிசலைப் பற்றி அந்த 89 லாரிகளிடமிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

நிறுத்துமிடமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் வரிசை டோவரில் உருவாவதில்லை. இருநூறு மைல் தள்ளி ஒரு சின்ன நிறுவனத்தின் கணக்கர் படிவத்தில் தவறான குறியீட்டை எழுதும்போதே அது தொடங்கிவிடுகிறது. அரசின் கவனமும் பணமும் முதலில் போயிருக்க வேண்டிய இடம் அந்தக் கணக்கரின் மேசை.

மோசமான கணிப்பைப் பூட்டி வைப்பது

ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தமின்றி வெளியேறினால் என்ன நடக்கும் என்று அரசே தயாரித்த கணிப்பு ‘ஆபரேஷன் யெல்லோஹாமர்’. முதல் நாளில், ஆங்கிலக் கால்வாயின் குறுகிய பகுதியைக் கடக்கும் லாரிகளில் 50 முதல் 85 சதவீதம் பிரெஞ்சு சுங்கத்துக்கான ஆவணங்கள் இல்லாமல் வரக்கூடும். போக்குவரத்து வழக்கத்தில் 40 முதல் 60 சதவீதமாகச் சுருங்கக்கூடும். ஒரு லாரி ஒன்றரை முதல் இரண்டரை நாள் காத்திருக்க நேரலாம். ஒரு லாரி முதலாளிக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் இருக்க முடியாது. ஆனால் 2019 ஆகஸ்டில் அது செய்தித்தாளில் கசிந்த பிறகு, நாடாளுமன்றம் கட்டாயப்படுத்தியதால்தான் செப்டம்பர் 11இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் அரசோடு பேசப் போன வர்த்தக அமைப்புகளில் பலவற்றிடம், வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். உறுப்பினர்களைத் தயார்செய்ய வேண்டிய அமைப்புகளின் வாயையே கட்டிவிட்டால் யார் தயாராவது?

இன்னொரு பக்கம் ‘பிரெக்சிட்டுக்குத் தயாராகுங்கள்’ என்று பெரிய விளம்பரம் ஓடியது. அதற்கு 4.6 கோடி பவுண்டு செலவானது. பிறகு ஆராய்ந்த தேசியத் தணிக்கை அலுவலகம், தகவல் தேடிப் பார்த்ததாகச் சொன்னவர்களின் பங்கு 32 சதவீதத்திலிருந்து 34 சதவீதமாக மட்டுமே மாறியிருந்ததைக் காட்டியது. பொதுவான பதாகை யாருக்கும் உதவாது. மீன் ஏற்றுமதி செய்பவருக்கு எந்தச் சான்றிதழ், யாரிடம், எத்தனை நாளில் என்று சொன்னால்தான் அவர் நகர்வார்.

தேதியும் நிலையாக இல்லை. 2019 மார்ச் 29 என்றார்கள், அப்புறம் ஏப்ரல் 12, அப்புறம் அக்டோபர் 31. மார்ச்சில் கிடங்கை நிரப்பிவைத்த வியாபாரி, அக்டோபரில் கிறிஸ்துமஸ் சரக்குக்கு நடுவே மறுபடி எங்கே நிரப்புவார்? கடைசியில் வர்த்தக ஒப்பந்தம் முடிவானது 2020 டிசம்பர் 24இல். ஆயிரம் பக்கத்துக்கும் மேலான அதைப் படித்துச் செயல்படுத்த ஒரு வாரம்.

கடைசி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பந்தம் போடுவது

2018 டிசம்பரில் போக்குவரத்துத் துறை கூடுதல் ஃபெர்ரிகளுக்காக 10 கோடி பவுண்டுக்கு மேல் ஒப்பந்தங்கள் போட்டது. அதில் 1.38 கோடி பவுண்டு ஒப்பந்தம் பெற்ற சீபோர்ன் ஃபிரைட் நிறுவனத்திடம் ஒரு கப்பல்கூட இல்லை. அதற்கு ஃபெர்ரி ஓட்டிய அனுபவமும் இல்லை. பின்னால் நின்ற ஐரிஷ் கப்பல் நிறுவனம் விலகியதும், 2019 பிப்ரவரியில் அந்த ஒப்பந்தம் ரத்தானது. தங்களை அழைக்காமலே ஒப்பந்தம் கொடுத்ததாக, கடலடிச் சுரங்க ரயில் பாதையை நடத்தும் யூரோடனல் நிறுவனம் வழக்குத் தொடர, அரசு 3.3 கோடி பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்தது. வெளிப்படையாக ஏலம் விட நேரமில்லை, அவசரம் என்பதுதான் அரசு சொன்ன காரணம். ஆனால் வெளியேறும் நாள் 2017 மார்ச்சிலிருந்தே நாள்காட்டியில் இருந்தது. எதிர்பாராத அவசரம் என்று அதை எப்படிச் சொல்ல முடியும்?

தன் பக்கத்து எல்லையை மட்டும் பார்ப்பது

எல்லைக்கு இரண்டு பக்கம் உண்டு. டோவரிலிருந்து போகும் லாரியை நிறுத்துவதா, விடுவதா என்பதை முடிவுசெய்வது பிரெஞ்சு அதிகாரிகள். பிரான்ஸ் சுமார் 700 சுங்க அலுவலர்களைக் கூடுதலாக அமர்த்தி, லாரியின் நம்பர் பிளேட்டையும் சுங்க அறிவிப்பின் பார்கோடையும் இணைக்கும் முறையை உருவாக்கியது. லாரி கடலில் இருக்கும்போதே, கரையில் இறங்கியதும் நேரே போகலாமா, நிற்க வேண்டுமா என்று தெரிந்துவிடும்.

அயர்லாந்தின் தயாரிப்பு வேறு வகை. முன்பு அந்நாட்டின் சரக்கு, பிரிட்டன் வழியாகச் சாலையில் போய் டோவரில் கடல் கடக்கும். 2021 ஜனவரி முதல் அயர்லாந்தின் ராஸ்லேரிலிருந்து பிரான்சின் டன்கர்க்குக்கு நேரடிக் கப்பல் ஓடத் தொடங்கியது. பயணம் நீண்டாலும் சுங்கச் சோதனை இல்லை. பல லாரிகள் அந்தப் பக்கம் திரும்ப, வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகத்தில் போக்குவரத்து சரிந்தது.

பெர்மிட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தமில்லாமல் போனால் பிரிட்டிஷ் லாரிகள் ஐரோப்பாவில் ஓடத் தனி அனுமதி வேண்டியிருக்கும் என்ற நிலை இருந்தது. 2019க்காகப் பிரிட்டன் கையில் இருந்த ஆண்டு பெர்மிட்டுகள் ஆயிரத்தை எட்டவில்லை. விண்ணப்பங்களோ 11,000க்கும் மேல்.

முதல் வாரம் அமைதியாகப் போனால் தப்பித்துவிட்டோம் என்று எண்ணுவது

2021 ஜனவரி முதல் நாட்களில் கென்ட் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. பலரும் முன்கூட்டியே சரக்கைக் குவித்துவிட்டு, எல்லையைத் தவிர்த்தார்கள் என்பதே அதற்குக் காரணம். பாதிப்பு வேறு இடத்தில் வெடித்தது. ஸ்காட்லாந்தின் இறாலும் நண்டும் ஒரே லாரியில் பல வியாபாரிகளின் சரக்காகச் சேர்ந்து போவது வழக்கம். ஒருவருடைய சான்றிதழில் பிழை இருந்தால் மொத்த லோடும் நின்றது. கடல் உணவு நிற்க நிற்க விலையை இழக்கும். ஜனவரி 18இல் ஸ்காட்லாந்து மீன் வியாபாரிகள் தங்கள் லாரிகளை லண்டனுக்கே ஓட்டிவந்து, அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருவில் நிறுத்திப் போராடினார்கள்.

2022 ஜூலையில் டோவரில் மாட்டிக்கொண்டவர்கள் விடுமுறைக்குக் கிளம்பிய குடும்பங்கள். பிரெஞ்சுச் சாவடிகளில் ஆள் குறைவு ஒரு பக்கம். ஒவ்வொரு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையும் புரட்டி முத்திரை குத்த வேண்டிய புதிய விதி இன்னொரு பக்கம். அவர்களையும் அதே 2 நிமிடக் கணக்கு பிடித்தது.

ஓட்டுநரைக் கடைசியில் நினைப்பது

இதைத்தான் என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. 2020 டிசம்பர் 20 இரவு, புதிய வகை கொரோனா பரவுவதால் பிரான்ஸ் எல்லையை 48 மணி நேரம் மூடியது. பிரெக்சிட் அதற்குக் காரணமல்ல. ஆனால் பிரெக்சிட்டுக்காகத் தயாரித்த எம்20, மான்ஸ்டன் ஏற்பாடுகளுக்கு உண்மையான சோதனை அன்றுதான் வந்தது. ஆயிரக்கணக்கான லாரிகள் நின்றன. நிறுத்த இடம் இருந்தது. கழிப்பறையும் சூடான சாப்பாடும் போதுமான அளவில் இல்லை. ருமேனியாவுக்கும் போலந்துக்கும் கிறிஸ்துமஸுக்குள் வீடு திரும்ப நினைத்தவர்கள் நாள்கணக்கில் லாரிக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள்; பலருக்கு அவர்கள் மொழியில் ஒரு தகவலும் வரவில்லை.

ஒரு லாரி திட்டத்தில் வாகனங்களின் எண்ணிக்கை இருந்தால், பக்கத்திலேயே ஆட்களின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். எத்தனை வேளைச் சாப்பாடு, எத்தனை கழிப்பறை, எந்தெந்த மொழியில் அறிவிப்பு, மருந்து சாப்பிடுபவருக்கு யார் உதவுவார் என்று எழுதியிருக்க வேண்டும். அந்த டிசம்பர் 22இல், கிரேவ்ஸெண்ட் ஊர் சீக்கிய குருத்வாராவின் தொண்டர்கள் கொண்டைக்கடலைக் கறி உட்பட நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைத்து, வண்டியில் ஏற்றிப்போய், நெடுஞ்சாலையில் நின்றிருந்த ஓட்டுநர்களின் கையில் கொடுத்தார்கள்.