மதுரையில் ஓர் இரவு, நேரடி இசையோடு: ஓட்டல் பாருக்குப் பாட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கு

மதுரைக்காரர்களுக்கு மேடைப் பாட்டு புதிதன்று. எம்.எஸ்.சுப்புலட்சுமியும் டி.எம்.சௌந்தரராஜனும் பிறந்த ஊர் இது. இளையராஜாவின் பண்ணைப்புரமும் தேனி மாவட்டம் பிரிவதற்கு முன்பு மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. பங்குனியிலும் சித்திரையிலும் வைகாசியிலும் சுற்றுப்பட்டு ஊர்களில் திருவிழா மேடைக்கு மேடை மெல்லிசைக் குழுக்கள் விடிய விடியப் பாடிய காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அப்படியிருக்க, காசு கொடுத்து ஓர் ஓட்டல் பாரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது எதற்கு என்று பலர் கேட்கக்கூடும். கலைஞர்களுக்கு மிக அருகில் உட்கார முடியும் என்பதே அதற்கு நான் சொல்லும் பதில். திருவிழா மேடையில் ஐம்பதடிக்கு அப்பால் நிற்கும் கீபோர்டு கலைஞரின் விரல்களை இங்கே பத்தடி தூரத்திலிருந்து பார்க்கலாம். அந்த நெருக்கத்தின் முழுப் பயனையும் பெறுவதற்காகவே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். குடிப்பதை மட்டும் நினைத்துப் போகிறவர்களுக்கு இவற்றில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

எந்த இரவுக்குப் போவது

அழகர்கோவில் சாலை, பைபாஸ் சாலை, பசுமலை, கொச்சடை என்று நகரத்தின் பல திசைகளிலும் நட்சத்திர ஓட்டல்கள் இருந்தாலும், தினமும் மேடை போடும் வழக்கம் நம் ஊரில் இல்லை. வெள்ளி, சனி இரவுகளும் புத்தாண்டு போன்ற விசேஷ நாள்களுமே பெரும்பாலும் இசைக்கு உரியவை. எனவே நேராகக் கிளம்பிவிடாமல் முதலில் தொலைபேசியில் விசாரியுங்கள். அப்போது ‘இன்று லைவ் மியூசிக் உண்டா?’ என்று மட்டும் கேட்டால் ‘உண்டு’ என்ற பதில்தான் எப்போதும் வரும். மேடையில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள், பாடுகிறவர்கள் ட்ராக்குக்குப் பாடுகிறார்களா அல்லது வாத்தியங்களோடு பாடுகிறார்களா, நிகழ்ச்சி உள் அரங்கத்திலா மொட்டைமாடியிலா, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ட்ராக் என்பது பாடகரின் குரலை மட்டும் நீக்கி, மற்ற வாத்தியங்கள் எல்லாவற்றையும் முன்பே பதிவு செய்து வைத்திருக்கும் ஒலிக்கோப்பு. ஒரு கைப்பேசியை மிக்ஸரில் (எல்லா ஒலிகளையும் கலந்து அளவு வைக்கும் கருவி) செருகிவிட்டு அதன் மேல் பாடிவிடலாம் என்பதால் ஓட்டலுக்கும் செலவு குறைவு. அப்படிப் பாடுகிறவர்களிலும் அருமையான குரல்கள் உண்டு. அவர்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால், ட்ராக்குக்குப் பாடும்போது பாட்டால் கூட்டத்தைப் பார்த்து வளைந்து கொடுக்க முடியாது. இடையிசையில் பத்து வயலின்கள் ஒலிக்கும். மேடையிலோ ஒருவர் கையிலும் வில் இருக்காது. ரசிகர்கள் எழுந்து ஆர்ப்பரித்தாலும் பல்லவி இன்னொரு முறை வராது, ட்ராக் முடிந்த இடத்தில் பாட்டும் நின்றுவிடும். வாத்தியக்காரர்கள் இருக்கும் மேடையில், பாடகர் சரணம் முடித்துத் திரும்பி ஒரு பார்வை பார்த்ததுமே, ஆக்டோபேட் என்னும் மின்னணுத் தாளப் பலகையை வாசிப்பவர் புரிந்துகொண்டு ஒரு தீர்மானம் (தாளத்தை முடித்துக் காட்டும் அடி) வைப்பார். பேஸ் கிட்டார் அதைப் பிடித்துக்கொள்ளும். பல்லவி மறுபடி புறப்படும். இந்த ஒரு நொடியைப் பார்ப்பதற்காகவே நுழைவுக் கட்டணம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. பாடகர் தவிர, கீபோர்டு ஒருவர், தாளம் ஒருவர், கிட்டாரோ பேஸோ ஒருவர் என்று குறைந்தது மூன்று வாத்தியக்காரர்களாவது உண்டு என்றால் தயங்காமல் போங்கள்.

மொட்டைமாடியா உள் அரங்கமா என்று கேட்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மூடிய அரங்குகளுக்கு உள்ளேயே கேட்கும்படியான ஒலிக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே மொட்டைமாடியிலும் புல்வெளியிலும் நடக்கும் நிகழ்ச்சி பத்து மணிக்கு முடிந்தாக வேண்டும். அங்கே ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தால் சில பாட்டுகளே கேட்க முடியும். அத்தகைய இடங்களுக்கு ஏழு மணிக்கே போய்விடுங்கள். உள் அரங்கத்திலும் பார் மூடும் நேரத்தையும், அதற்கு எவ்வளவு முன்னால் கடைசி ஆர்டர் எடுப்பார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நாள்காட்டியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மே தினம், திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாடி நபி ஆகிய நாள்களில் தமிழ்நாட்டில் மதுக்கூடங்கள் இயங்கா. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்திலும், வாக்கு எண்ணும் நாளிலும் அதே நிலைதான். சித்திரைத் திருவிழாவில், கள்ளழகரை ஊர் எல்லையில் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கும் இரவில் தல்லாகுளமும் அழகர்கோவில் சாலையும் மக்கள் வெள்ளமாக இருக்கும்; அன்று அந்தப் பக்கம் வண்டியில் போக நினைப்பதே வீண். அன்றைய இரவு அழகருக்கு உரியது.

தமிழ்நாட்டில் 21 வயது நிறைவடையாதவர்களுக்கு மது வழங்கக் கூடாது என்பது சட்டம். இளையவர்களாகத் தோற்றமளிப்பவர்கள் வயதைக் காட்டும் அடையாள அட்டை ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். குடும்பத்தோடு போக விரும்பினால், பாரை ஒட்டிய உணவகப் பகுதியிலிருந்து மேடை தெரியுமா என்று கேட்டு, அங்கே மேசை பதிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கே உட்காருவது

முன்வரிசைதான் சிறந்த இடம் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான பார்களில் அது உண்மையன்று. ஒலிபெருக்கிகள் மேடையின் இருபுறமும் ரசிகர்களை நோக்கி நிற்கும். நேர் முன்னால் இருப்பவருக்கு ஒரு பக்கப் பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்கும், பாடகரின் சொற்கள் தெளியா. சுவரின் மூலையில் உட்கார்ந்தாலோ, பேஸ் ஒலி அங்கே குவிந்து நெஞ்சை இடிக்கும். மிக்ஸரை இயக்கும் ஒலி அமைப்பாளர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அவர் தம் காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் ஒவ்வொரு வாத்தியத்தின் அளவையும் வைக்கிறார். ஆகவே அவருக்குப் பக்கத்து மேசையில்தான் பாட்டு முழுமையாக விழும். மேசையைப் பதிவு செய்யும்போதே ‘மிக்ஸருக்குப் பக்கத்தில்’ என்று சொல்லிவிடலாம்.

கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டால் சவுண்டு செக் என்னும் ஒலிச் சோதனையையும் பார்க்கலாம். முதலில் தாளக்காரர் ஒவ்வொரு பேடாகத் தட்டிக் காட்டுவார். தபேலா, டோலக், பறை, ட்ரம்ஸ் எல்லாம் அந்த ஒற்றைப் பலகைக்குள் அடங்கியிருப்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பிறகு பேஸ், கீபோர்டு, கடைசியாகக் குரல். பாடகர் தம் காலடியில் தமக்கு மட்டும் கேட்பதற்காக வைத்திருக்கும் மானிட்டர் என்ற ஒலிபெருக்கியைக் காட்டி, ‘எனக்குக் கீபோர்டு கொஞ்சம் கூட்டுங்க’ என்பார். சுருதி காதில் சரியாக விழாமல் எவராலும் சுத்தமாகப் பாட முடியாது. சில நிகழ்ச்சிகளில் பாடகர் சுருதி விலகுவதற்கு மானிட்டர் சரியாக அமையாததே காரணமாக இருக்கும். இதை நேரில் பார்த்தவர் அடுத்த முறை பாடகரைக் குறை சொல்வதற்கு முன் சற்றே யோசிப்பார்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 85 டெசிபல் அளவுள்ள ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பதும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பதும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்கு. இதன்படி 100 டெசிபல் ஒலியில் 15 நிமிடமே பாதுகாப்பு. சிறிய அறையில் முழுக் குழு வாசிக்கும்போது அந்த அளவை எட்டுவது அரிதன்று. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், ஒலி அளவு மீறிவிட்டது என்று கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் ஒரு சோடி சட்டைப் பையில் இருக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டால் பாட்டு கேட்காமல் போகாது. இரைச்சல் மட்டுப்பட்டு இனிமையாகவே கேட்கும். குழு ஓய்வெடுக்கும் வேளையில் வெளியே வந்து பத்து நிமிடம் காதுக்கும் ஓய்வு கொடுங்கள்.

கலைஞர்களோடு

திருவிழா மேடைகளில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பாட்டுக் கேட்பது நம் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பாருக்கும் தாராளமாகக் கொண்டு வரலாம், அதற்கென்று சில முறைகள் உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மேடையேறிக் கத்தாதீர்கள். இடைவேளையில், குழுவை நடத்துபவரிடம், பாட்டின் முதல் வரியையும் பாடியவர் பெயரையும் தெளிவாக எழுதிய துண்டுத் தாளைக் கொடுங்கள். கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு; ஆண்குரல்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கட்டை அளவிலும், பெண்குரல்கள் ஐந்து, ஆறு கட்டை அளவிலும் அமைவதால், ஆண் பாடிய பாட்டை மேடையில் இருக்கும் பெண் பாடகரிடம் கேட்டால் சுருதியை மாற்றி அமைத்தாக வேண்டும். கீபோர்டில் அதற்கு ஒரு பொத்தான் போதும். கிட்டார்க்காரர் விரல்வைப்பு முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். அவகாசம் கொடுத்துக் கேட்டால் நன்றாகவே பாடுவார்கள். ஒத்திகை இல்லாத பாட்டு என்று அவர்கள் மறுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், அரைகுறையாகப் பாடக் கூடாது என்ற அக்கறையால்தான் மறுக்கிறார்கள்.

நிகழ்ச்சியின் முதல் பாதியில் பொதுவாக மெதுவான பாடல்களைப் பாடுவார்கள். ஆட்டப் பாடல்கள் பிற்பாதியில் வரும். குத்துப்பாட்டுக்காகக் காத்திருப்பவர்கள் முதல் பாதியைப் பேச்சிலேயே கழித்துவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது, ஏனெனில் கலைஞர்களின் தரம் தெரிவது அந்த மெதுவான பாடல்களில்தான். ஒரு புல்லாங்குழல் இடையிசையைக் கீபோர்டில் மூச்சு விடும் இடம் தப்பாமல் வாசிப்பவரைக் கண்டால், அந்த இடத்திலேயே கைதட்டுங்கள். பாட்டு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தலைநிமிர்ந்து ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள், அடுத்த பாட்டிலேயே அவருடைய வாசிப்பு மாறிவிடும்.

பணம் கொடுக்க விரும்பினால், குழுத் தலைவரிடம் இடைவேளையில் கையில் கொடுங்கள். அது எல்லோருக்கும் பங்காகச் சேரும். பாடுகிறவர் மேல், குறிப்பாகப் பெண் பாடகர் மேல், நோட்டுகளை வீசுவதும் தொட்டுக் கொடுப்பதும் எந்த வகையிலும் ஏற்கத்தக்கவை அல்ல. அப்படிச் செய்கிறவர் உங்கள் மேசைக்காரராக இருந்தால் நீங்களே தடுக்க வேண்டும். கைப்பேசியில் படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், ஃபிளாஷை அணைத்து வையுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அவர்கள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும் வேளையில் ‘அடுத்து எந்த ஊர்?’ என்று விசாரியுங்கள். பார் மேடையில் வாசிப்பவர்கள் பலரும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசிப்பவர்களே. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நல்ல குழுவைத் தேடும் அலைச்சலும் இதனால் குறையும்.

பில்லும் குடியும்

கட்டணம் என்று சொன்னால் அது வெறும் நுழைவுக் கட்டணமா, அல்லது உணவிலும் பானத்திலும் கழித்துக்கொள்ளும் கவர் சார்ஜா என்று கேளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. பில்லில் உணவுக்கு ஜிஎஸ்டியும், மதுவுக்கு வாட் வரியும் வரும். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்திருக்கிறது. சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம், மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

குடிக்காதவர்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை. லைம் சோடாவோடு இரவு முழுவதும் இருக்கலாம். குடிப்பவர்கள் வெறும் வயிற்றில் தொடங்காமல், முதலில் சாப்பிட்டுவிட்டு, இடையிடையே தண்ணீரும் குடித்து வந்தால் இரண்டாம் பாதிப் பாட்டும் நினைவில் நிற்கும். 30 மில்லி பெக் ஒன்றைக் கரைக்க உடலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமேனும் ஆகும். மோரோ காபியோ எலுமிச்சையோ அதை விரைவுபடுத்துவதில்லை.

வீடு திரும்புதல்

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ‘பக்கத்துத் தெருதானே’ என்பதெல்லாம் அங்கே செல்லாது, இருசக்கர வண்டிக்கும் சட்டம் ஒன்றுதான். எனவே வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஓலாவிலோ ஊபரிலோ ரேபிடோவிலோ போய் வருவதாக முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நகரத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களில் தேனி, திண்டுக்கல் திசைக்காரர்கள் ஆரப்பாளையத்துக்கும், மேலூர், திருச்சி, திருநெல்வேலி திசைக்காரர்கள் மாட்டுத்தாவணிக்கும் போக வேண்டும். உள்ளூர்ப் பேருந்துகளுக்கு நள்ளிரவுக்கு மேல் இடைவெளி கூடிவிடும் என்பதால், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று மாலையிலேயே கேட்டு வையுங்கள். பசித்தால் கவலை வேண்டாம். இந்நேரத்திலும் சூடான இட்லியும் புரோட்டாவும் போடும் கடைகள் நம் ஊரில் உண்டு. ஆட்டோவில் தனியாகத் திரும்பும் பெண்கள் வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுவதும், 112 என்ற அவசர எண்ணையும் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் கைப்பேசியில் பதிந்து வைப்பதும் நல்லது.