கூட்டுத்தொகையை மட்டும் டபுளில் வையுங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பச்சைத் தேயிலை எடைக்கணக்குக்கு நிரல் எழுதுபவர்களுக்கு: ஒவ்வொரு மூட்டையின் எடையும் ஃப்ளோட்டில் (புள்ளி எண்களுக்கான 32 பிட் வகை) இருக்கட்டும், மொத்தம் சேரும் மாறியை மட்டும் டபுளாக (அதே வேலைக்கான 64 பிட் வகை) அறிவியுங்கள்.

32 பிட் ஃப்ளோட்டில் 24 பிட் அளவுக்குத்தான் துல்லியம். மொத்தம் 2,62,144 கிலோவைத் தாண்டியதும் அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே 31.25 கிராம் இடைவெளி விழுந்துவிடும். அதன்பின் 10 கிராமை எத்தனை தடவை கூட்டினாலும் மொத்தம் அசையாது. டபுளுக்கு 53 பிட். மேசைக் கணினியில் ஒவ்வொன்றாகக் கூட்டும்போது இரண்டுக்கும் வேக வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. பெரிய பட்டியலைக் கொத்துக்கொத்தாகக் கூட்டினால்தான் ஃப்ளோட் ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் தரும். தேயிலைக் கணக்குக்கு அந்த வேகம் எதற்கு?

அப்புறம், வேகத்துக்காகக் கம்பைலரில் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஃபாஸ்ட்-மேத் விருப்பத்தைப் போட்டுவிடாதீர்கள்; அது கணக்கு விதிகளைத் தளர்த்தி வேகம் கூட்டுவது. கூட்டும் வரிசையை அது தன் இஷ்டத்துக்கு மாற்றலாம். 'எண் அல்ல' (NaN) என்று பார்க்கும் சோதனையையே தூக்கிவிடவும் செய்யும். தராசிலிருந்து 'எண் அல்ல' என்று தப்பான அளவு வந்தால் அந்தச் சோதனையால் பிடிக்க முடியாமல் போகும்.

தராசோடு ஆர்டுவினோ ஊனோ R3 (சிறிய நிரல்பலகை) வைத்திருப்பவர்களுக்கு டபுள் யோசனை உதவாது. அதில் டபுள் என்று எழுதினாலும் ஃப்ளோட் போல அதே 4 பைட்தான். அங்கே கிராமிலேயே, குறியில்லா 32 பிட் முழு எண்ணாகக் கூட்டுங்கள், சுமார் 42.9 லட்சம் கிலோ வரை ஒரு கிராம்கூடப் பிசகாது. விவசாயிக்குக் கொடுக்கும் தொகையையும் இப்படியே பைசாவில் முழு எண்ணாக வைப்பதுதான் சரி, எந்தக் கருவியானாலும்.