வயிற்றில் பேண்ட் போட்ட பிறகு கெட்டிச் சாப்பாட்டுக்குத் திரும்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

என் அக்கா 2010இல் மெல்பர்னில் உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் ‘பேண்ட்’ என்கிற வளையம் போட்டுக்கொண்டாள். துணைக்கு நானும் அம்மாவும் போயிருந்தோம். ஆபரேஷன் முடிந்து மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள், வலியும் பெரிதாக இல்லை. எங்களைத் திணறடித்தது அதற்கப்புறம் வந்த சாப்பாடுதான். சமையலறை என் பொறுப்பில் இருந்ததால் அவள் வாயில் போனது, திரும்பி வந்தது எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அன்று எங்களுக்கு விவரம் தெரிந்திருந்தால் பாதி அவதியைத் தவிர்த்திருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பேண்ட் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். அது சிலிகானால் ஆன ஒரு வளையம். உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரைப்பையின் மேல்முனையைச் சுற்றி அதைப் பூட்டுகிறார்கள். வளையத்தின் உள்பக்கம் பலூன் மாதிரி ஒரு பை இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், வயிற்றுத் தோலுக்கடியில் பொருத்திய ‘போர்ட்’ வரை வரும். போர்ட்டில் ஊசி வழியாகச் சலைன் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். வளையத்துக்கு மேலே மிஞ்சுகிற இரைப்பை இரண்டு மேசைக்கரண்டி கொள்ளும், அவ்வளவுதான். 1993இல் பெல்ஜியத்தில் இதை முதன்முதலாக லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, செய்தார்கள். 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் எடைக் குறைப்பு ஆபரேஷன் என்றாலே பெரும்பாலும் இதுதான். இப்போது ‘ஸ்லீவ்’ என்கிற வேறொரு ஆபரேஷன் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. ஆனாலும் பேண்டோடு வாழ்கிறவர்கள் ஏராளம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்லீவ் செய்துகொண்ட தோழியின் உணவு அட்டவணையை அப்படியே வாங்கிப் பின்பற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே இரைப்பையையே வெட்டிச் சிறிதாக்குகிறார்கள், இங்கே முழு இரைப்பைக்கு மேல் ஒரு குறுகிய வாசல் வைக்கிறார்கள். இரண்டுக்கும் கணக்கு வேறு. உங்கள் சர்ஜனும் டயட்டீஷியனும் தந்த தாள்தான் முதல். நான் எழுதுவது அதைப் புரிந்துகொள்ள மட்டுமே.

“இறங்குகிறதே, சாப்பிட்டால் என்ன?”

பொதுவாக முதல் ஒன்றிரண்டு வாரம் நீர் ஆகாரம், அப்புறம் மசித்த உணவு, அப்புறம் குழைவான உணவு என்று போய், ஐந்தாறு வாரம் ஆகும்போதுதான் கெட்டி உணவு. மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். ஆனால் படிகளின் வரிசை மாறாது.

மூன்றாவது வாரத்தில்தான் சோதனை வரும். ஆபரேஷனால் வந்த வீக்கம் வடிந்திருக்கும். வளையத்தில் சலைன் அநேகமாக ஏற்றியே இருக்க மாட்டார்கள், ‘ஃபில்’ என்று சொல்கிற அந்தச் சலைன் ஏற்றுதல் முதல் தடவை நடப்பது நாலு முதல் ஆறு வாரம் கழித்துத்தான். அதனால் வாசல் தாராளமாகத் திறந்திருக்கும், பசி பழையபடி கிள்ளும். ஒரு தோசையைப் பிட்டு வாயில் போட்டால் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். ‘எனக்கு ஆறிவிட்டது’ என்று தோன்றும்.

ஆறியிருக்காது. வளையம் நகராமல் இருக்க இரைப்பையின் ஒரு மடிப்பை அதன் மேல் இழுத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தத் தையல் பிடித்து, வளையத்தைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து இறுக வேண்டும். அதற்குள் கெட்டியான எதையாவது தின்று, அது அடைத்து வாந்தியும் எடுத்தால், கீழே இருக்கிற இரைப்பை வளையத்தின் வழியே மேலே நழுவலாம். பேண்ட் நழுவுவது என்று இதைத்தான் சொல்கிறார்கள். சிலருக்கு மறுபடி ஆபரேஷன் வரைக்கும் போகும். தோசை இறங்கியதற்குக் காரணம் வளையம் தளர்ந்திருப்பது, உள்ளே ஆறியது அல்ல. பசி தாங்கவில்லை என்றால் டயட்டீஷியனுக்குப் போன் செய்யுங்கள். மசித்த பருப்பு, கட்டித் தயிர் என்று அந்தந்தப் படிக்குள்ளேயே அளவைக் கூட்ட வழி சொல்வார்கள்.

ஒரு வாய்க்கு ஒரு நிமிடம்

அக்கா தவறியது இந்த இடத்தில். ஏழாவது வாரம், முதல் ஃபில் ஆகிச் சில நாட்கள். ஒரு சனிக்கிழமை மதியம் தெரிந்தவர் வீட்டில் பிறந்தநாள் விருந்து. தட்டில் கோழி வறுவல், முந்தின நாள் செய்து மைக்ரோவேவில் சூடாக்கியது. பேச்சு சுவாரசியத்தில் நாலு துண்டைச் சாதாரணமாக மென்று விழுங்கிவிட்டாள். ஐந்தாவது துண்டைக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டு நெஞ்சுக்குழியை விரலால் அழுத்தினாள். மூக்கில் நீர் வந்தது. விக்கல் எடுத்தது. எழுந்து வாஷ்பேசினுக்குப் போனாள். பின்னால் போய்ப் பார்த்தேன். வாந்தி இல்லை. வெள்ளையாக, நூல் நூலாக, நுரைத்த எச்சில் வாயிலிருந்து ஊறி வழிந்துகொண்டே இருந்தது. துப்பத் துப்ப மறுபடி ஊறியது. உணவுக்குழாய் அடைத்துக்கொண்டால் உடம்பு அதை வழுக்கி நகர்த்தப் பார்க்கும். அதற்குத்தான் இவ்வளவு எச்சில்.

அம்மா பதறிப்போய், “ஒரு உருண்டை சோத்தை மெல்லாம முழுங்குடி, தள்ளிட்டுப் போயிடும்” என்றாள். மீன்முள் தொண்டையில் சிக்கினால் நம் வீடுகளில் செய்கிற வைத்தியம். பேண்ட் போட்டவருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. அடைத்திருக்கிற குறுகிய வாசலில் இன்னொரு கட்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது அது. அக்கா சோறு விழுங்கவில்லை, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அதுவும் இறங்க இடமில்லாமல் மேலே நின்று, வலி இரட்டிப்பானது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு துண்டு கோழி, மென்றதற்கு அடையாளமே இல்லாமல், முழுசாக வெளியே வந்தது.

அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டியது இதுதான்: உடனே நிறுத்துங்கள். எதையும் மேலே ஊற்றாதீர்கள், தள்ளாதீர்கள். எழுந்து மெதுவாக நடங்கள், எச்சிலை விழுங்காமல் துப்புங்கள். விரல் விட்டு வாந்தி எடுக்காதீர்கள், அந்த இழுப்புதான் வளையத்தை நகர்த்தும். சோடா குடித்தால் கரையும், பப்பாளிப் பொடி சாப்பிட்டால் கரையும் என்றும் சொல்வார்கள். சோடாவின் காற்று அடைப்புக்கு மேலே விரிந்து வலியைக் கூட்டும். இறைச்சியை மிருதுவாக்கப் போடும் அந்தப் பப்பாளிப் பொடி உணவுக்குழாயையே புண்ணாக்கும். அடைப்பு நீங்கியதும், ‘அப்பாடா’ என்று மீதிச் சாப்பாட்டைத் தொடர்வது அடுத்த தவறு. அந்த இடம் வீங்கியிருக்கும், வாசல் இன்னும் குறுகியிருக்கும். ஒரு நாள் முழுக்க நீர் ஆகாரம், அதன்பின் குழைவானது, அதன்பின்தான் கெட்டி.

அடைக்காமல் சாப்பிடுவது எப்படி? ஒரு கவளம் வளையத்தைத் தாண்ட, உணவுக்குழாய் அதை அலை அலையாகப் பலமுறை அழுத்த வேண்டும். ஒரு நிமிடம் வரை ஆகலாம். முதல் கவளம் தாண்டுவதற்குள் இரண்டாவது போனால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். அதனால் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு, கூழாகும் வரை மெல்லுதல், விழுங்கியபின் ஒரு நிமிட இடைவெளி. இருபது நிமிடத்தில் இருபது வாய், அதோடு சாப்பாடு முடிந்தது. அக்கா இதற்காகக் கையால் சாப்பிடுவதை விட்டுவிட்டுக் குழந்தைக் கரண்டியும் சின்னக் கிண்ணமும் வாங்கினாள். பிசைந்து உருட்டினால் உருண்டை தன்னால் பெரிதாகிவிடுகிறது என்பாள். பல் ஆடுகிறது, பல்செட் சரியாகப் பொருந்தவில்லை என்றால் கெட்டி உணவுக்கு முன்னாலேயே பல் டாக்டரைப் பாருங்கள். மெல்ல முடியாதவர் எவ்வளவு நிதானமாகச் சாப்பிட்டும் பலனில்லை.

தண்ணீர் சாப்பாட்டோடு வேண்டாம், முடித்து அரை மணி நேரம் போகட்டும். நமக்கு இலைக்குப் பக்கத்தில் டம்ளர் வைக்காமல் சாப்பிட்டுப் பழக்கமே இல்லை. அக்கா வீட்டில் சாப்பாட்டு மேசையிலிருந்து டம்ளர்களையே எடுத்துவிட்டோம்.

எதில் தொடங்குவது

கெட்டி என்றதும் சோறு, சப்பாத்தி, பிரட் என்றுதான் நமக்குத் தோன்றும். பேண்டுக்கு அவைதான் கடைசி. புது பிரட்டை எவ்வளவு மென்றாலும் மாவுருண்டையாகத் திரண்டு வாசலில் ஒட்டும். டோஸ்ட் செய்தால் சிலருக்குப் பரவாயில்லை. சப்பாத்தியும் பரோட்டாவும் சவ்வு மாதிரி. சோறு சிலருக்கு இறங்கும், சிலருக்கு வருடக்கணக்கில் இறங்காது. இட்லியை நம்பி இரண்டை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், முதல் நாள் கால் இட்லி சாம்பாரில் ஊறியதாக இருக்கட்டும்.

ஈரப்பசையுள்ள புரதத்தில் தொடங்குவது நல்லது. குழம்பில் வெந்து உதிர்கிற மீன், முள் நீக்கியது. கலக்கிச் செய்த மிருதுவான முட்டை. குழைய வெந்த பருப்பு, பனீர். கோழி என்றால் அன்றே செய்த, குழம்போடு சேர்ந்த, சின்னதாக நறுக்கிய கறி. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துச் சூடாக்கிய நெஞ்சுக்கறி வேண்டவே வேண்டாம். நார் இருக்கிற எதற்கும் அவசரம் காட்டாதீர்கள்: முருங்கைக்காய், வாழைத்தண்டு, கீரைத்தண்டு, அன்னாசி, பலாச்சுளை, ஆரஞ்சுச் சுளையின் மேல்தோல், தேங்காய்ச் சில்லு.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு புது உணவு, அதுவும் வீட்டில். விருந்தில், பஸ்ஸில், ஆபீஸ் கேன்டீனில் முதல்முறையாக எதையும் முயற்சி செய்யாதீர்கள். சிலருக்குக் காலையில் வளையம் இறுக்கமாக இருக்கும். நேற்று ராத்திரி சுலபமாகப் போனது இன்று காலை அடைக்கும். எழுந்ததும் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் அது தளரும்.

தட்டில் புரதம் முதலில், காய் அடுத்து, சோறு இடம் இருந்தால். நம் பந்தி முறைக்கு நேர் எதிர். ஆனால் நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். அரைக் கிண்ணம் சாப்பாட்டில் பாதியைச் சோறு பிடித்துக்கொண்டால் இந்தக் கணக்கு எட்டாது. முடி கொட்டுகிறது, களைப்பாக இருக்கிறது என்று அப்புறம் கவலைப்பட வேண்டியிருக்கும்.

பயந்துபோய்க் கஞ்சியிலேயே தங்கிவிடுவது

என்னைக் கேட்டால் பெரிய தவறு இதுதான். யாரும் இதைத் தவறென்று நினைப்பதில்லை, அதனாலேயே பெரிது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அக்கா இரண்டு மாதம் கெட்டி உணவைத் தொடவில்லை. சத்துமாவுக் கஞ்சி, பாயசம், மாம்பழ மில்க்‌ஷேக், டீயில் தோய்த்த பிஸ்கட். எதுவும் அடைக்கவில்லை, வாந்தி இல்லை, எல்லோருக்கும் நிம்மதி. எடை மட்டும் இறங்கவில்லை, ஏறத் தொடங்கியது. பேண்ட் வேலை செய்யவில்லை என்று அழுதாள்.

வளையம் தடுப்பது கெட்டி உணவை மட்டும்தான். நீரும் கூழும் அதில் நிற்காமல் ஓடிவிடும். மென்ற உணவு வளையத்தை அழுத்திக்கொண்டு தாண்டும்போதுதான் ‘போதும்’ என்ற உணர்வு பிறக்கிறது. சின்னக் கிண்ணத்துக்கே வயிறு நிறைந்த மாதிரி இருப்பதும் அதனால்தான். கஞ்சியில் அந்த அழுத்தமே இல்லை. ஒரு மணி நேரத்தில் பசிக்கும், சர்க்கரையும் கொழுப்பும் உள்ளே போயிருக்கும். கெட்டி உணவு இல்லாமல் பேண்டுக்கு அங்கே வேலையே இல்லை.

கெட்டி உணவு எதுவுமே இறங்கவில்லை, கஞ்சிதான் முடிகிறது என்றால் வளையம் அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ‘இறுக்கமாக இருந்தால் சீக்கிரம் இளைக்கலாம்’ என்று சலைனை எடுக்க மறுப்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறாக, மேலே உள்ள பையும் உணவுக்குழாயும் விரிந்துபோகும். அக்காவுக்குக் கொஞ்சம் சலைன் எடுத்தார்கள். மறுவாரமே மீன் இறங்கியது.

ஒவ்வொரு ஃபில்லுக்குப் பிறகும் ஓரிரு நாள் நீர், அப்புறம் குழைவு, அப்புறம் கெட்டி என்று அந்த ஏணியில் மறுபடி ஏற வேண்டும். முதல் தடவை செய்தோமே என்று விட்டுவிடாதீர்கள்.

மாத்திரையும் கெட்டிதான்

பெரிய மாத்திரைகள் அடைக்கும். பொடிக்கலாமா, திரவமாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். மெல்ல மெல்ல வேலை செய்யும் வகை மாத்திரைகளைப் பொடித்துவிடக் கூடாது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைச் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள், இரைப்பைப் புண்ணுக்கு அவை வழி. வைட்டமின் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். வாந்தி நாட்கணக்கில் நீடித்தால் தயமின் என்கிற வைட்டமின் பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கும். அதைத் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தண்ணீரோ எச்சிலோகூட இறங்கவில்லை, வயிற்றிலோ நெஞ்சிலோ விடாத வலி, காய்ச்சல், மலம் கறுப்பாகப் போவது, வாந்தியில் ரத்தம், போர்ட் இருக்கும் இடம் சிவந்து வீங்குவது, இவை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ராத்திரி படுத்தால் எதுக்களித்து இருமல் வருவது அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் வளையம் இறுக்கம் என்பதற்கு அது நல்ல அடையாளம், அந்த வாரத்திலேயே காட்டுங்கள்.

அவசரச் சிகிச்சையில் இருக்கிற டாக்டர் பேண்டையே பார்த்திராதவராக இருக்கலாம். எந்தக் கம்பெனி வளையம், எந்தத் தேதியில் போட்டது, இப்போது எத்தனை மில்லி சலைன், சர்ஜனின் போன் எண் ஆகிய நாலையும் ஒரு அட்டையில் எழுதி அக்கா பர்ஸில் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு ஃபில்லுக்கும் பழைய மில்லியை அடித்துப் புதியதை எழுதுவாள். போன முறை பார்த்தபோது அட்டையில் ஏழு அடித்தல்கள் இருந்தன.